டர்போ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் பழைய சுபாரு இம்ப்ரெசா ஒன்று வந்து நின்றால், போனட்டைத் திறக்கச் சொல்லி நாலு பேர் கூடிவிடுவார்கள். டர்போ எவ்வளவு பெரியது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். பெரிய டர்போவுக்குக் கொடுத்த பணம் வேகமாக மாறுமா, நீலப் புகையாகப் போகுமா என்பது பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் இருக்கிறது. தொழிற்சாலை வைத்த நிலையிலிருந்து டர்போவை ஏறக்குறைய 90 டிகிரி திருப்பி மாட்டும் வேலையைப் பட்டறைகளில் ‘ரொட்டேட்டட் டர்போ’ என்கிறார்கள்.

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அது டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று போனால் அதிக பெட்ரோலை எரிக்கலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமைக்குப் பதிவு செய்த யோசனை இது. இன்று ஒரு காரின் டர்போ நிமிடத்துக்கு 100,000 சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். டர்பைன் பக்கம் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை எட்டும்.

வீணாகப் போகும் புகையிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் சக்தி என்று இதைச் சொல்வது வழக்கம். பாதி உண்மை. செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு மீதிப் பாதி உடனே விளங்கும். அங்கே கொதிகலனின் உயரழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவி இன்னும் சுமார் 3 பார் அழுத்தத்தில் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). அதைக் கொண்டுதான் பழக்குலைகளை அவிக்கிறார்கள். வெளியேறும் பக்கம் அழுத்தம் ஏறினால் டர்பைன் தரும் வேலை குறையும் என்பது ஆலையின் எஞ்சின் அறையில் இருப்பவருக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. காரிலும் அதே கணக்குத்தான். டர்பைனுக்கு முன்னே புகை தேங்கினால் எஞ்சின் அதைத் தள்ள உழைக்க வேண்டும். டர்பைனுக்குப் பின்னே குழாய் நெருக்கினாலும் அதே கதி. ஆகவே டர்போவின் அளவைவிட அதற்கு வரும் வழியும் போகும் வழியும் முக்கியமாகிவிடுகின்றன.

சுபாருவின் ஈஜே வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். இரு பக்கப் புகையும் எஞ்சினுக்கு அடியில் ஒன்று சேர்ந்து, வலப்புறப் பின்மூலையில் ஒரு குழாய் வழியாக மேலே ஏறும். அந்தக் குழாயின் உச்சியில் டர்போ. அதன் தண்டு காருக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. கம்ப்ரசரின் வாய் எஞ்சினின் நடுப்பக்கம் பார்க்கிறது. ஏர் ஃபில்டரோ முன்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து வரும் ரப்பர் குழாய், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் நுழைந்து, வளைந்து, கம்ப்ரசரைச் சேர வேண்டும். தொழிற்சாலை டர்போவுக்கு இது போதும். பெரிய டர்போவுக்குப் போதாது. அந்த இடுக்கில் பெரிய குழாய் நுழையவே நுழையாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடினால், டர்போ இல்லாமலேயே வினாடிக்குச் சுமார் 117 லிட்டர் காற்றை விழுங்கும். டர்போ அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால், உறிஞ்ச வேண்டிய வெளிக்காற்று ஏறக்குறைய 220 லிட்டர். இவ்வளவும் 60 மில்லிமீட்டர் குழாய் வழியாகப் போக வேண்டுமென்றால், காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டும். குழாயை 102 மில்லிமீட்டராக, அதாவது 4 அங்குலமாக, ஆக்கினால் வேகம் 100-க்கும் கீழே வந்துவிடும். வளைவுகளில் காற்று இழக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், இழப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். உறிஞ்சும் பக்கத்தில் 0.07 பார் காணாமல் போனால், அதே 2 பார் அழுத்தத்தைக் கொடுக்கக் கம்ப்ரசர் இரண்டு மடங்கு அல்ல, 2.15 மடங்கு அழுத்த வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். காற்று இன்னும் சூடாகும். மென்மையான ரப்பர் குழாயாக இருந்தால் உறிஞ்சும் வேகத்தில் உள்ளே ஒடுங்கிவிடுவதும் உண்டு.

சூடு என்றால் எவ்வளவு? நம் ஊர்ப் பிற்பகல் 33 டிகிரிக் காற்றை, 70 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரசர் இரண்டு மடங்காக அழுத்தினால், வெளியே வருவது சுமார் 130 டிகிரிக் காற்று. அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இல்லாமல் அதை எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும்.

டர்போவை 90 டிகிரி திருப்பினால் கம்ப்ரசரின் வாய் முன்பக்கம் பார்க்கும். ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து நேராக ஒரு 4 அங்குலக் குழாய். இடுக்கும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. எந்தத் தயாரிப்பாளரின் பெரிய டர்போவும் உட்கார இடம் கிடைக்கிறது. எஞ்சினுக்கு மேலே இருந்த இன்டர்கூலர் போய், காரின் முகப்பில் காற்றை நேராக வாங்கும் பெரிய இன்டர்கூலர் வருகிறது. திருப்புவதால் மட்டும் ஒரு குதிரைத்திறன்கூட ஏறுவதில்லை. தொழிற்சாலை அளவு டர்போவையே திருப்பி மாட்டிவிட்டு வித்தியாசம் தெரிகிறது என்பவர்களை நான் நம்புவதில்லை. பெரிய டர்போ மூச்சுவிட வழி செய்யும் குழாய் வேலை இது, அவ்வளவே.

டர்போவில் எல்லாவற்றையும் திருப்பலாம், ஒன்றைத் தவிர. அதன் நடுப்பகுதியில் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தபடி சுழல்கிறது. இடைவெளி மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். மேலே உள்ள துளை வழியாக எஞ்சினின் அழுத்தத்தோடு எண்ணெய் நுழைகிறது. தண்டைத் தாண்டியதும் அழுத்தம் முழுவதும் போய், நுரையாகக் கீழே விழுகிறது. அடியில் இருக்கும் துளையிலிருந்து எஞ்சினுக்குத் திரும்ப அதைத் தள்ள எந்தப் பம்பும் கிடையாது. பூமியின் ஈர்ப்பு மட்டும்தான். அதனால்தான் உள்ளே வரும் குழாய் மெல்லியதாகவும், வெளியே போகும் குழாய் அரை அங்குலத்துக்குக் குறையாத உட்குறுக்களவோடும் இருக்கிறது. இறங்கும் துளை செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பது பொதுவான வரம்பு. குழாய் வழியில் எங்கும் தொங்கி மீண்டும் மேலேறக் கூடாது.

சாய்ந்தால் என்ன ஆகும்? நுரை தேங்கித் தண்டின் மட்டத்துக்கு ஏறும். இரு முனைகளிலும் உள்ள சீல்கள் பிஸ்டன் வளையம் போன்ற சிறு வளையங்கள்தாம். அவை காற்றின் அழுத்தத்தை நம்பி வேலை செய்பவை, தேங்கிய எண்ணெயைத் தடுக்கச் செய்தவை அல்ல. எண்ணெய் டர்பைன் பக்கம் கசிந்து எரிந்து நீலப் புகையாக வரும். கம்ப்ரசர் பக்கம் கசிந்தால் இன்டர்கூலருக்குள் குட்டை கட்டும். ஈப்போ போகும் பழைய சாலையோரப் பட்டறை ஒன்றில் இப்படிப் புகைவிட்டபடி ஒரு கார் நின்றது. “டர்போ போய்விட்டதா, அண்ணே?” என்று கார்க்காரப் பையன் கேட்டான். பட்டறைக்காரர் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “டர்போ நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. எண்ணெய் இறங்கத்தான் வழி இல்லை” என்றார். குழாயைத் தொட்டுக் காட்டினார்: சேஸிஸ் கம்பியைச் சுற்றிக் கொண்டுபோவதற்காக அதை ஒரு கை அளவு மேலே தூக்கி வளைத்திருந்தார்கள்.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. செங்குத்து அச்சைச் சுற்றி டர்போவைத் திருப்பினால், அதாவது இடப்பக்கம் பார்த்த வாய் முன்பக்கம் பார்க்கும்படி வைத்தால், எண்ணெய்த் துளை அப்படியே தரையைப் பார்த்தபடி இருக்கும். ரொட்டேட்டட் அமைப்பு சாத்தியமாவதே இதனால்தான். தண்டின் அச்சைச் சுற்றித் திருப்பினால்தான் வம்பு. மேலேறும் குழாயின் தலை சாய்வாக அமைந்து, டர்பைனின் வெளிக்கூட்டை அதோடு பூட்டும்போது நடுப்பகுதியும் சேர்ந்து சாய்ந்துவிடும். அப்போது செய்ய வேண்டியது எளிது: டர்பைன் கூட்டையும் கம்ப்ரசர் கூட்டையும் நடுப்பகுதியோடு பிணைக்கும் போல்ட்டுகளையோ கிளாம்பையோ தளர்த்தி, நடுப்பகுதியை மட்டும் சுற்றி, எண்ணெய்த் துளையைக் கீழே கொண்டுவந்து மறுபடி இறுக்குவது. தண்டு கிடைமட்டமாக இருக்கிறதா என்பதை மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீரால் குளிரும் டர்போவில் தண்ணீர்த் துளைகளில் ஒன்று மற்றதைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகு சூடான தண்ணீர் தானாக மேலேறி, குளிர்ந்தது கீழே வந்து, நடுப்பகுதியில் எண்ணெய் கருகாமல் காக்கும்.

வெப்பத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது நமக்கே உரியது. இந்த மாற்று உதிரிகள் பலவும் ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள அமெரிக்கக் கார்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மலேசியாவில் ஓட்டுநர் வலப்பக்கம். அதாவது டர்போ உட்காரும் அதே மூலையில்தான் ஸ்டியரிங் தண்டும், மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் இருக்கின்றன. திருப்பிய டர்போவின் டர்பைன் வாய் பின்சுவரைப் பார்ப்பதால், அங்கிருந்து கீழே இறங்கும் பெரிய குழாய் இவற்றை ஒட்டியே போக வேண்டும். கதிர்வீசும் வெப்பம், வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவது: செல்சியஸைக் கெல்வினாக மாற்றிக் கணக்குப் போட்டால் 900 டிகிரி இரும்பு, 600 டிகிரி இரும்பைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை வீசும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியாவது தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. ஆண்டு முழுதும் ஈரக்காற்று அடிக்கும் நாட்டில் அது விரைவாகவே நடக்கும். கொதித்துக் குமிழி விட்டால் பிரேக் மிதி தரைவரை போகும். எனவே டர்பைனுக்கு வெப்ப உறையும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரு தகட்டுத் தடுப்பும் அலங்காரம் அல்ல. பிரேக் ஆயிலையும் வழக்கத்தைவிட அடிக்கடி மாற்ற வேண்டும்.

சூடேறிய இரும்பு நீளவும் செய்யும். அரை மீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், வெப்பம் 800 டிகிரி ஏறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். அதன் உச்சியில் கனமான டர்போவைத் தொங்கவிட்டு, இரு முனையையும் அசையாமல் பூட்டினால் வெல்டிங் விட்டுப்போவது நிச்சயம். மேலேறும் குழாயில் மடிப்பு வைத்த நெகிழ்குழாய் ஒரு துண்டு இருப்பதும், டர்போவுக்குக் கீழே தாங்கி கொடுப்பதும் இதற்காகத்தான். பளபளப்பைப் பார்த்து வாங்குபவர்கள் இந்த இரண்டையும் கவனிப்பதில்லை.

அதிகப்படிப் புகையை டர்பைனுக்குள் விடாமல் வெளியேற்றும் வேஸ்ட்கேட்டும் இடம் மாறும். அதற்கான கிளைக்குழாய், புகை ஓடும் திசையிலேயே மெதுவாகப் பிரிய வேண்டும். செங்கோணத்தில் ஒட்டவைத்தால் உயர்ந்த சுற்றில் புகை அங்கே திரும்பாமல் நேராக டர்பைனுக்கே போகும். வேஸ்ட்கேட் முழுதும் திறந்திருந்தும் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். சக்கரம் பெரிதானால் அதைச் சுழற்றத் தொடங்கும் சிரமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறும். முன்பு 3,000 சுற்றில் வந்த இழுவை இனி 4,000 தாண்டித்தான் வரலாம். செம்பனை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, முந்த இடம் கிடைத்ததும் மிதிக்கும் நம் சாலைகளுக்குப் பழைய சிறிய டர்போதான் பொருத்தம் என்பது என் கருத்து. சிப்பாங் கார்ப் பந்தயத் தடத்துக்குப் போகிறவர் வேறு கணக்குப் போடலாம். சாலையில் ஓட்டுவதானால், எஞ்சினில் இத்தகைய மாற்றங்களுக்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவின் அனுமதி வேண்டும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

உறிஞ்சு குழாயின் விட்டம் மாறியதும் காற்றை அளக்கும் சென்சர் சொல்லும் எண்ணும் பொய்யாகிவிடும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவைப் பழைய அமைப்போடு விட்டு ஓட்டினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகக் கிடைத்து, முதல் நாளே சேதம் வரலாம். புது டியூனிங் முடியும்வரை காரை டர்போ அழுத்தத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எண்ணெய் நுழையும் துளையில் சிறிது எண்ணெய் ஊற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். இறங்கும் குழாயின் முனையைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் பிடித்து, எண்ணெய் தடையின்றி வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டலாம். பிறகு எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறியதும், கிளாம்புகளையும் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். முதல் சூட்டில் அவை கொஞ்சம் தளரத்தான் செய்யும்.