பழவேற்காட்டு ஏரியின் வாயை அடைப்பது எது?

பழவேற்காடு ஏரியின் நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சில இடங்களில் அகலம் 15 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய உப்புநீர்ப் பரப்பு தெற்கு முனையில் கடலைச் சந்திப்பது சில நூறு மீட்டர் அகலமுள்ள ஒரு வாயில்தான். மீனவர்கள் அதை முகத்துவாரம் என்கிறார்கள். அது மணலால் தூர்ந்து போகும் ஆண்டுகளில் ஏரியில் இறால் குறையும், படகுகள் கடலுக்குப் போக முடியாமல் கிடக்கும், மனுக்களும் ஆர்ப்பாட்டங்களும் நடக்கும். பிறகு பொக்லைன் வரும், மணலை அள்ளும். கொஞ்ச காலத்தில் மறுபடியும் அதே கதை.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால், "அலை மணலைக் கொண்டுவந்து அடைக்கிறது" என்பதுதான் வழக்கமான பதில். பதில் சரிதான், ஆனால் பாதிதான். மணல் ஒவ்வோர் ஆண்டும்தான் வருகிறது. அதைத் தள்ளி வெளியேற்றும் சக்தி ஏன் போதவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் ஏரியின் பிறப்பு. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறிவந்தது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் ஏறக்குறைய அடங்கியபோது, அலைகள் கரைக்கு இணையாக மணல் திட்டுகளைக் கட்டத் தொடங்கின. திட்டுக்கு உள்ளே சிக்கிக்கொண்ட ஆழமற்ற கடல்தான் இந்த ஏரி. வெளியே நிற்கும் மணல் திட்டின் பெயர் ஸ்ரீஹரிகோட்டா. ஆம், ராக்கெட் ஏவுகிற அதே இடம். தெற்கே ஆரணி ஆறும், மேற்கே காளங்கியும், வடக்கே சுவர்ணமுகியின் நீரும் ஏரிக்கு வருகின்றன. பரப்பில் பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது இதுதான் என்றாலும் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். பெரும்பாலான இடங்களில் நின்றால் இடுப்பளவு நீர்தான் இருக்கும்.

இப்போது மணலுக்கு வருவோம். அலை கரையை நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக மோதுகிறது. அந்தச் சாய்வால் கரையோரமாக ஒரு நீரோட்டம் உண்டாகி மணலை இழுத்துப் போகிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது வடக்கே ஓடுகிறது, வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டம். அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல். இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது.

இந்த மணல் ஓட்டத்தின் குறுக்கே ஏரியின் வாய் திறந்திருக்கிறது. தெற்கிலிருந்து வரும் மணல் வாய்க்குக் குறுக்கே நாக்குப் போல நீள்கிறது. ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது, ஏறும்போது கொஞ்சம் மணல் உள்ளே போய் அங்கே திட்டாகப் படிகிறது. ஓதம் வற்றும்போது வெளியேறும் நீர் அதை அரித்துத் தள்ளுகிறது. அரிப்பு ஜெயித்தால் வாய் திறந்திருக்கும், படிவு ஜெயித்தால் மூடும்.

அரிக்கும் சக்தி எதைப் பொறுத்தது? ஒரு ஓதத்தில் எவ்வளவு நீர் உள்ளே போய் வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கப் பொறியாளர் மோரோ ஓ'பிரையன் 1931-இல் இதைக் கவனித்தார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள வாய்களை ஒப்பிட்டபோது, வாயின் குறுக்குப் பரப்பும் உள்ளே போய்வரும் நீரின் அளவும் ஒன்றையொன்று தொடர்ந்து நிற்பதைக் கண்டார். பின்னாளில் அவர் கொடுத்த எளிய கணக்குப்படி, சுவர் கட்டாத இயற்கையான வாயில் சுமார் 15,000 கன மீட்டர் நீருக்கு ஒரு சதுர மீட்டர் வாய். அதாவது 100 சதுர கிலோமீட்டர் ஏரிப்பரப்பு ஒரு ஓதத்தில் 10 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால், போய்வரும் நீர் 1 கோடி கன மீட்டர். அதற்கு ஏற்ற வாய் சுமார் 650 சதுர மீட்டர்: 200 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம், 3 மீட்டர் ஆழம். வேறு கரையில் கண்ட கணக்கு என்பதால் பழவேற்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அது காட்டும் திசை பொருந்தும்: ஏரிக்குள் ஓதம் எட்டும் பரப்பு சுருங்கினால் வாயும் சுருங்கும். வண்டல் படிந்து ஏரி மேடாகிப் போனால், முகத்துவாரத்தில் எவ்வளவு தோண்டினாலும் அது பழைய அளவில் நிற்காது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 1940-இல் பிரான்சிஸ் எஸ்கோஃபியர் என்ற பொறியாளர் அதை விளக்கினார். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் கொஞ்சம் அழுத்தினால் நீர் பீய்ச்சி அடிக்கும். மேலும் அழுத்தினால் ஒரு கட்டத்தில் வெறும் கசிவுதான். முகத்துவாரமும் அப்படித்தான். பெரிய வாய் கொஞ்சம் குறுகினால் நீரின் வேகம் கூடும். வேகம் கூடினால் மணல் அரிபடும், வாய் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு வேகம் இருந்தால் வாய் தன்னைத்தானே துப்புரவாக வைத்துக்கொள்ளும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே குறுகிவிட்டால், அடித்தரையின் உராய்வு ஓங்கி வேகம் குறையத் தொடங்கும். வேகம் குறைந்தால் மேலும் மணல் படியும், மேலும் குறுகும். அப்புறம் தானாக மீள வழியில்லை.

பொக்லைன் வைத்துத் தோண்டும் வேலை பலன் தராமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அந்த எல்லையைத் தாண்டாத வாய்க்கால், எத்தனை நாள் வேலை செய்து வெட்டியிருந்தாலும், மூடிக்கொள்ளும். எப்போது வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். மழைக்குப் பிறகு ஆற்று நீர் நிறைந்து ஏரிமட்டம் கடல்மட்டத்தைவிட உயர்ந்திருக்கும்போது, கடல் வற்றும் நேரம் பார்த்து வெட்டிவிட்டால், மிச்ச வேலையை நீரே செய்யும். கோடையில் ஏரிமட்டம் தாழ்ந்திருக்கும்போது வெட்டினால் கடலுக்கு மணல் கொண்டுவர ஒரு பாதை போட்டுக் கொடுத்தது போலாகும்.

வாய் திறந்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்? முதல் லாபம் இறாலுக்கு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் சில வாரங்களில் ஓதத்தோடு ஏரிக்குள் புகுந்து, இரை மிகுந்த ஆழமற்ற நீரில் சில மாதங்கள் வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா மீன்களும் இப்படி இரண்டு நீருக்கும் சொந்தமானவை. சேற்று நண்டில் பெண் நண்டு முட்டை விடக் கடலுக்குப் போகும். வாய் மூடினால் இவற்றின் பாதை பாதியில் அறுந்துவிடும். ஆகவே அந்தப் பருவத்தில் மட்டும் பிடிப்பு குறைவதோடு இது முடியாது. அடுத்த தலைமுறையே உள்ளே வராமல் போகும்.

உப்பும் மாறும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் நேர்மாறு: வெயிலில் நீர் ஆவியாகி வடபகுதியில் உப்பு கடலையும் மிஞ்சும், பல இடங்கள் காய்ந்து வெள்ளை பூத்த சேற்றுவெளியாகும். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குவது இந்த ஆழமற்ற உவர்நீரை நம்பித்தான். ஆந்திரம் 1976-இலும் தமிழ்நாடு 1980-இலும் ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன.

முகத்துவாரத்தை ஒட்டிய இடங்கள்தான் இறாலுக்கு வளமானவை. வெளியேறும் நீரோட்டத்தில் கழி ஊன்றி வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே இரவில் கட்ட முடியாதே! அதனால் மீனவக் குப்பங்கள் சீட்டுப் போட்டு, முறைவைத்து இடம் பிரித்துக்கொள்கின்றன. இதற்குப் பாடு என்று பெயர். ஏரியைச் சுரண்டாமல் காக்கும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதைப் புகழ்வதுண்டு. புகழ்ச்சி நியாயம்தான். ஆனால் இந்தப் பாடு முறையில் பெயர் இருப்பது குறிப்பிட்ட குப்பங்களின் குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கு மட்டும்தான். இருளர்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள்; பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டே நகர்வார்கள். வாய் மூடும் ஆண்டில் முதலில் அடிபடுவது வலையோ படகோ இல்லாத இவர்கள்தான்.

டச்சுக்காரர்களும் இந்த வாயை நம்பி வந்தவர்கள்தான். 1613-இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வாங்கி விற்றார்கள், வெடிமருந்து செய்தார்கள், அடிமைகளையும் ஏற்றுமதி செய்தார்கள். பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட, சிறு படகுகள்தான் சரக்கோடு போய்வந்தன. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் விட்டுப்போன கல்லறைகளில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் இன்றும் நிற்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? வாயின் இரு பக்கமும் கடலுக்குள் கற்சுவர் கட்டுவது மீனவர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்தது. சுவர் மணல் நாக்கைத் தடுக்கும், நீரை ஒரே இடத்தில் குவித்து வேகத்தைக் கூட்டும். ஆனால் தென்பக்கச் சுவரில் மணல் சேரச் சேர வடக்குக் கரை அரிபடும், மெரினாவும் ராயபுரமும் காட்டிய அதே கணக்கில். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகச் சுவர்கள் ஏற்கெனவே மணலைப் பிடித்து வைத்திருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சேரும் மணலை ஆண்டுதோறும் எடுத்து வடக்கே கொட்டும் செலவையும் திட்டத்தில் சேர்க்காத சுவர் அரைகுறை வேலை என்பது என் எண்ணம்.

சிலிகாவில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏரிக்குப் பக்கமாகப் புதிய வாயை வெட்டினார்கள். உப்பு திரும்பியது, மீன்பிடிப்பு பலமடங்கு உயர்ந்தது. அதை இங்கேயும் செய்யலாமே என்று கேட்பவர்கள், சிலிகா பழவேற்காட்டைவிடப் பல மடங்கு நீரைக் கொள்ளும் ஏரி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பழவேற்காட்டில் ஏரியின் உள்பக்கமே சிக்கல். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரிக்குக் குறுக்கே கரை போட்டு, சில மதகுகளை மட்டும் விட்டுப் போகிறது. அதற்கு வடக்கே தெற்கு வாயின் ஓதம் எட்டுவதே அரிது. ஆந்திரப் பக்கத்து வாய்களான ராயதொருவும் தூப்பிலிப்பாளையமும் பெரும்பாலும் மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க அங்குள்ள மீனவர்கள் கேட்கிறார்கள். ஒரே கழிக்கு (இப்படிக் கடலோடு வாய் வழியே இணைந்த ஏரிக்கு) இரண்டு வாய் இருந்தால் போய்வரும் நீரை இரண்டும் பங்குபோடும், பலவீனமானது மூடும் என்பது பொது விதி. இவ்வளவு தொலைவில், நடுவே சாலையும் மேடும் இருக்கும்போது வடக்கும் தெற்கும் ஏறக்குறைய தனித்தனிக் கழிகள்தான். ஒன்று மற்றதைப் பெரிதாகப் பாதிக்காமல் போகலாம். ஆனால் மதகுகளை அகலப்படுத்தி இரண்டையும் இணைத்தால் இந்தக் கணக்கு மாறும். அதைப் போட இரு மாநிலங்களும் ஒரே வரைபடத்தில் ஏரியின் ஆழத்தை அளந்தாக வேண்டும். இப்போது வாயைத் தோண்டும் செலவு ஒரு மாநிலத்துக் கணக்கில், அந்த வாய்க்கு நீர் தர வேண்டிய பரப்பில் பெரும்பங்கு இன்னொரு மாநிலத்தின் கையில்.