நான்காம் விலா இடுக்கிலிருந்து வரும் நரம்பு

குளித்துவிட்டுத் துண்டால் துடைக்கும்போதுதான் பலருக்கு அது முதலில் தெரிகிறது. இடது பக்கம் துண்டு உரசுவது தெரிகிறது. வலது பக்கம் வேறு யாருடைய தோலையோ துடைப்பதுபோல இருக்கிறது. இன்னும் சிலருக்கு நேர் எதிர். உள்ளாடையின் தையல் லேசாக உரசினாலே முலைக்காம்பில் சுரீர் என்கிறது, மெல்லிய சட்டைகூட ஆகாத பொருளாகிவிடுகிறது. மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில் வருகிற புகார்கள் இவை. ஒன்று மரத்துப்போனது, மற்றொன்று தொட்டாற்சிணுங்கி. ஆனால் இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே நரம்புதான்.

அந்த நரம்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு நரம்பு உண்டு. தண்டுவடத்தில் கிளம்பி முதுகிலிருந்து நெஞ்சை நோக்கி வளைந்து வரும். வரும் வழியில் அக்குளுக்குக் கீழே, உடம்பின் பக்கவாட்டில் ஒரு கிளையையும், நெஞ்செலும்பின் ஓரத்தில் இன்னொரு கிளையையும் தோலுக்கு அனுப்பும். முலைக்காம்புக்கும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்கும் மூன்றாவது முதல் ஐந்தாவது வரையிலான நரம்புகளிலிருந்து கிளைகள் வருகின்றன. அவற்றில் முக்கியமானது நான்காவது நரம்பின் பக்கவாட்டுக் கிளை. பெரும்பாலானவர்களுக்கு அது தோலை ஒட்டி மேலாக வருவதில்லை. மார்புத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் வழியாக ஆழத்தில் ஊர்ந்து வந்து, பிறகு சட்டென்று மேலே திரும்பி, சுரப்பித் திசுவைத் துளைத்துக்கொண்டு முலைக்காம்பைப் பின்பக்கமிருந்து தொடுகிறது.

சிலிகான் பையை வைப்பதற்கு அறுவை மருத்துவர் இடம் உண்டாக்குவதும் அதே ஆழத்தில்தான். சுரப்பிக்கும் தசைக்கும் நடுவிலோ, தசைக்குக் கீழேயோ திசுவைப் பிரித்து ஒரு பொந்து செய்ய வேண்டும். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் சிலிகான் பையை வைத்தார்கள். அதன்பின் பையின் வடிவமும் உள்ளே நிரப்பும் பொருளும் எத்தனையோ முறை மாறிவிட்டன. நரம்பு வரும் வழி மட்டும் மாறவில்லை. பொந்து பக்கவாட்டில், அக்குளை நோக்கி விரிய விரிய, அந்தக் கிளை நரம்புக்கு ஆபத்து கூடுகிறது. பை பெரிதாக இருந்தால் பொந்தும் அகலமாக வேண்டும், மேலே உள்ள தோலும் திசுவும் இன்னும் இழுபட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மார்பக அளவுக்குப் பொருந்தாத பெரிய பைகளை வைக்கும்போது உணர்விழப்பு அதிகமாவதற்கு இதுதான் காரணம்.

கருவட்டத்தின் விளிம்பில் கத்தி வைத்தால் உணர்ச்சி போய்விடும், மார்பின் அடிமடிப்பில் வைத்தால் போகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முக்கிய நரம்பு பின்பக்கமிருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். வெளியே தெரியும் தழும்பு எங்கே என்பதைவிட, உள்ளே எவ்வளவு தூரம் பிரித்தார்கள் என்ற கேள்விக்குத்தான் என் பார்வையில் எடை அதிகம்.

சரி, நரம்புக்கு என்னதான் ஆகிறது? இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த பிரிட்டிஷ் மருத்துவர் ஹெர்பர்ட் செடன், நரம்புக் காயங்களை 1943இல் மூன்று வகையாகப் பிரித்தார். அந்தப் பாகுபாடு இங்கும் அப்படியே பொருந்துகிறது. முதல் வகையில் நரம்பு நசுங்கியோ இழுபட்டோ இருக்கும், ஆனால் எதுவும் அறுந்திருக்காது. கால் மரத்துப்போவதன் மூத்த அண்ணன் என்று சொல்லலாம்; சில வாரங்களில் தானே சரியாகிவிடும். இரண்டாம் வகையில் நரம்புக்குள் இருக்கும் இழைகள் அறுந்திருக்கும், அவை ஓடுகிற குழாய் மட்டும் முழுசாக இருக்கும். மூன்றாவதில் குழாயோடு சேர்த்து எல்லாமே துண்டாகியிருக்கும். பை வைத்தபின் வரும் மாற்றங்களில் பெரும்பகுதி வீக்கத்தாலும் இழுவையாலும் வருபவை, அதாவது முதல் இரண்டு வகை. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு உணர்ச்சி திரும்பிவிடுகிறது, சிலருக்கு மட்டும் நிரந்தரமாகப் போய்விடுகிறது.

இரண்டாம் வகைதான் சுவாரசியமானது. அறுந்த இழையின் முனைப்பக்கத் துண்டு பிழைக்காது. 1850இல் தவளை நாக்கின் நரம்புகளை வெட்டிப் பார்த்த அகஸ்டஸ் வாலர் இதைக் கண்டுசொன்னார்: செல்லின் உடலிலிருந்து துண்டிக்கப்பட்ட பகுதி சிதைந்து கரைந்துபோகிறது. அந்தக் குப்பையை அகற்றியபின், குழாயின் உட்சுவரில் இருக்கும் ஷ்வான் செல்கள் வரிசைகட்டி நின்று வழிகாட்ட, தண்டுவடத்தின் பக்கத்திலிருந்து புது முனை வளர்ந்து வரும். வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். காயம்பட்ட இடத்திலிருந்து முலைக்காம்பு வரை 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 120 நாள், ஏறக்குறைய நான்கு மாதம். தொடக்கத்தில் ஆகும் தாமதத்தையும், தோலைத் தொட்டபின் இழை முதிர்ச்சி அடைய ஆகும் காலத்தையும் சேர்த்தால் அரை வருடம், ஒரு வருடம் என்று ஓடிவிடும். இரண்டாம் மாதத்தில் எதுவும் தெரியவில்லையே என்று பதறுபவர்களுக்கு மருத்துவர் சொல்லும் ‘பொறுத்திருங்கள்’ வெறும் சமாதானப் பேச்சு அல்ல, கணக்குதான்.

வளர்ந்துவரும் இந்தப் புதுமுனைகள்தான் தொட்டாற்சிணுங்கித்தனத்துக்குப் பொறுப்பு. அவற்றின் மேல் மின்காப்பு உறை இன்னும் சரியாக மூடியிருக்காது. யாரும் தொடாமலேயே தாமாகச் சமிக்ஞை அனுப்பும்; லேசாகத் தட்டினால் மின்சாரம் அடித்ததுபோல் விண்ணென்று இழுக்கும். பிரெஞ்சு நரம்பியலாளர் ஜூல் தினேல் 1915இல் இதைத்தான் ‘எறும்பு ஊரும் உணர்வு’ என்று எழுதிவைத்தார். நரம்பு எதுவரை வளர்ந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் இன்றும் அந்த எறும்பையே நம்புகிறார்கள். ஆகவே மரத்திருந்த இடத்தில் திடீரென்று எரிச்சலும் குத்தலும் வந்தால் அது பெரும்பாலும் நல்ல சகுனம். ஆனால் சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலோடு வந்தால் கதை வேறு. அது தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். எரிச்சல் மட்டும் என்றால், பட்டில் தொடங்கிப் பருத்தி, பிறகு சொரசொரப்பான துண்டு என்று படிப்படியாக உரசிப் பழக்குவது உதவும்.

மரத்த பக்கத்துக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே வெந்நீர்ப் பை, சூடேற்றும் பட்டை எதையும் வைக்காதீர்கள். தோல் கொப்பளித்தபிறகுதான் சூடு அதிகம் என்று தெரியவரும்.

ஒரு விநோதமும் உண்டு. தொட்டால் எதுவுமே தெரியாத முலைக்காம்பு, குளிர் பட்டவுடன் விறைத்து நிற்கலாம். தொடு உணர்வைக் கொண்டுபோவது ஒரு வகை நரம்பிழை. கருவட்டத்துக்கு அடியிலுள்ள மென்தசைகளைச் சுருக்குவது தன்னியக்க நரம்பு மண்டலத்தின் இழை. போவதும் வருவதும் வெவ்வேறு தடங்கள் என்பதால் ஒன்று கெட்டு இன்னொன்று பிழைத்திருக்க முடியும். ‘விறைக்கிறதே, அப்புறம் என்ன?’ என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

உணர்ச்சி என்றால் தாம்பத்திய இன்பம் மட்டும்தான் என்று இந்தப் பேச்சை ஒதுக்கிவிடுகிறார்கள். அதுவும் சின்ன விஷயம் அல்ல: 2011இல் பேரி கோமிசாருக் குழுவினர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, முலைக்காம்பைத் தூண்டினால் மூளையில் நெஞ்சுக்குரிய பகுதியோடு பிறப்புறுப்புக்குரிய பகுதியும் விழித்துக்கொண்டது. ஆனால் இதே நரம்புக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. குழந்தை சப்பும்போது அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதாலமஸுக்குப் போகிறது. பதிலாக அதன் கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும், சுரந்த பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசினும் வருகின்றன. செய்தி மங்கினால் பால் இறங்குவதும் மங்கலாம். நல்ல வேளையாக ஆக்ஸிடோசின் பழக்கத்துக்கும் கட்டுப்படும். குழந்தையின் அழுகுரல் கேட்டே பால் இறங்கும் தாய்மார்கள் உண்டு.

இதையெல்லாம் அளப்பதற்கு உள்ள கருவி ஆச்சரியப்படும்படி எளிமையானது. மாக்ஸ் ஃபான் ஃபிரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரை மயிரைக் குச்சியில் ஒட்டித் தோலை அளந்தார். இன்று அதன் இடத்தில் நைலான் இழைகள். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் முலைக்காம்பில் மிக மெல்லிய இழையை வளையும்வரை அழுத்துவார்கள். பட்டது தெரிந்தால் ‘இப்போது’ என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த தடிமன். அறுவைக்கு முன்பே இரண்டு பக்கமும் அளந்து குறித்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். கேட்டால் ஒழியப் பலர் அளப்பதில்லை, ஆகவே கேட்டுவிடுங்கள். இரண்டாம் மாதம் தடித்த இழைக்கு மட்டும் ‘இப்போது’ என்ற அந்த வலது பக்கம், எட்டாம் மாதத்தில் அதைவிட இரண்டு படி மெல்லிய இழைக்கே வாய் திறக்கலாம்.