பசியின்மை அல்ல, உணவு மறுப்பு

பதின்ம வயதினரின் பெற்றோருக்காக அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில் தமிழ்க் கையேடு ஒன்று கொடுத்தார்கள். உள்ளே ஒரு தலைப்பு: ‘பசியின்மை நோயை ஊக்குவிக்கும் இணையக் குழுக்கள்’. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “பசி எடுக்கலைன்னா இஞ்சிச் சாறு கொடுத்தா சரியாயிடும். இதுல இன்டர்நெட் எங்க வந்துச்சு?” அவர் மீது பிழையில்லை. பசியின்மை என்று எழுதினால் இஞ்சிச் சாறுதான் நினைவுக்கு வரும்.

மூலச் சொல் அனோரெக்சியா நெர்வோசா. கிரேக்கத்தில் ‘ஓரெக்சிஸ்’ என்றால் பசி, விருப்பம். முன்னால் வரும் ‘அன்’ இல்லை என்பதைக் குறிக்கும். 1873-இல் இந்தப் பெயரை வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பிரித்துப் பார்த்துப் பசியின்மை என்று எழுதிவிட்டார்கள். நோயைப் பார்க்கவில்லை. இந்த நோய் வந்த பிள்ளைக்குப் பசி இருக்கிறது, வயிற்றைக் கிள்ளுகிறது. எடை கூடிவிடுமே என்ற அச்சம் அந்தப் பசியை மிதித்துக்கொண்டு நிற்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது ‘உண்ணாநோன்பு நோய்’ என்ற ஆக்கம். நல்ல தமிழாக இருக்கிறதே என்று நண்பர்கள் சிலர் பரிந்துரைக்கிறார்கள். நானும் நல்ல தமிழ் வேண்டும் என்பவன்தான். ஆனால் நோன்பு என்றதும் நம் மனம் எங்கே போகிறது? சஷ்டிக்குப் போகிறது. தைப்பூசத்துக்கு நாள்கணக்கில் விரதம் இருந்து, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை காவடி சுமப்பவரிடம் போகிறது. இன்னும் பழையதைத் தேடினால் வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன் வருகிறான். எல்லாமே மதிப்புக்குரியவை. அந்த இணையக் குழுக்கள் சொல்வதும் இதைத்தானே! இது நோயே அல்ல, மனவுறுதி, ஒரு வாழ்க்கைமுறை என்கிறார்கள். நோய்க்கு ‘அனா’ என்று செல்லப்பெயர் வைத்துத் தோழியைப் போலப் பேசுகிறார்கள். பிள்ளையின் போனில் அந்தப் பெயரைப் பார்க்கும் அப்பா, கூடப் படிக்கும் பெண் என்று நினைத்துக்கொள்வார். அவர்கள் சூட்டிக்கொள்ள ஆசைப்படும் மகுடத்தை நாமே தமிழில் செய்து கொடுப்பதா?

என் சொல் ‘உணவு மறுப்பு நோய்’. அழகில்லை என்பார்கள், இருக்கட்டும். கையேட்டில் பேனாவால் அடித்து இதை எழுதிக் காட்டினேன். அந்த அம்மா உடனே கேட்டார்: “யார் பேச்சைக் கேட்டு மறுக்குது?”

பசியின்மையை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. மறுப்பைச் சொல்லிக்கொடுக்கலாம். உடல் மெலிவது பற்றிய ஒரு காணொளியில் பிள்ளை சற்று நின்றால் போதும், அதே மாதிரி இன்னும் பத்தைச் செயலி கொண்டுவந்து கொட்டுகிறது. பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தன் உடலைப் பற்றிய மனக்குறையை இன்ஸ்டகிராம் மோசமாக்குகிறது என்று அந்நிறுவனத்துக்குள்ளேயே எழுதிவைத்திருந்தது, 2021-இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்களில் தெரிந்தது. சிங்கப்பூரில் 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்பு நடைமுறை விதிகளும், தீங்கான பதிவுகள் பிள்ளைகள் கண்ணில் படாமல் குறைக்கும் கடமையைச் சமூக ஊடகங்கள் மீதே வைக்கின்றன. பசியின்மை என்று எழுதினால் அந்தப் பொறுப்பு ஊடகத்தை விட்டு வயிற்றுக்குப் போய்விடுகிறது.

அப்புறம், புலிமியா. அளவில்லாமல் தின்றுவிட்டு, தின்றதை வெளியேற்றத் துடிக்கும் நோய். கிரேக்கத்தில் மாட்டுப் பசி என்று பொருள். மணிமேகலையில் காயசண்டிகையை வாட்டிய தீராப் பசிக்கு ‘யானைத்தீ’ என்று பெயர். நோயின் மறுபாதியான வெளியேற்றத்தை அது சொல்லாது என்பதால் அப்படியே எடுக்க முடியாதுதான். ஆனாலும் மொழிபெயர்ப்பவர் ஒருமுறை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

கையேட்டின் தலைப்பில் இருந்த ‘ஊக்குவிக்கும்’ என்பதையும் விட மனமில்லை. ஊக்கமுடைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். வாசிப்பை ஊக்குவிப்போம், சேமிப்பை ஊக்குவிப்போம். பிள்ளையைப் பட்டினி போடுவதற்கும் அதே சொல்லா? ‘தூண்டிவிடும்’ என்று மாற்றச் சொல்லிக் கையேட்டைத் தயாரித்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.