வால்: ஆல்ப்ஸ் மலைச்சரிவின் வாய்க்கால்

இத்தாலியின் வட எல்லையில் இருக்கும் தென் திரோலில், மார்லிங் ஊர்ச் சரிவில் ஆப்பிள் தோட்டங்களை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. வழிகாட்டிப் பலகையில் அதற்கு இரண்டு பெயர்கள்: ஜெர்மன் மொழியில் ‘வால்வேக்’, இத்தாலியத்தில் ‘சென்தியேரோ தெல்லா ரொஜ்ஜா’. வேக் என்றாலும் சென்தியேரோ என்றாலும் பாதைதான். ஆனால் ‘வால்’ என்பதைத் தமிழில் அப்படியே எழுதிவிட்டால், படிப்பவர் மனத்தில் மாட்டின் வால்தான் ஆடும். எனவே இந்தச் சொல்லுக்கு ஒலிபெயர்ப்பு போதாது, பொருள் வேண்டும்.

மலை ஓடையிலிருந்து நீரைத் திருப்பி, சரிவைச் சுற்றி மெல்லிய இறக்கத்தில் வயலுக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோகும் வாய்க்கால்தான் வால். பனிமலை சூழ்ந்த நாட்டில் நீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றலாம். ஆனால் அங்குள்ள ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு மலைகளின் மழைமறைவில் கிடக்கிறது. கிழக்கு ஆல்ப்ஸின் மிக வறண்ட இடங்களில் அது ஒன்று. மண்ணில் வெட்டியும், பாறை குறுக்கிட்ட இடத்தில் மரத்தொட்டிகளைக் கோத்தும் நீரைக் கொண்டுவந்தார்கள். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள மார்லிங் வாய்க்காலைக் கார்த்தூசியத் துறவிகள் 1737இல் தொடங்கி 1756இல் முடித்தார்கள்.

வாய்க்காலைக் காப்பவர் ‘வாலர்’. அவருக்குத் துணையாக நீரோட்டத்தில் ஒரு சிறிய மரச்சக்கரம் இருக்கும். சக்கரம் சுழலச் சுழல, ஒரு சுத்தியல் எழுந்து விழுந்து மணியை அடிக்கும். மணி கேட்கும்வரை நீர் ஓடுகிறது. ஓசை நின்றால் சருகு அடைத்திருக்கலாம், கரை உடைந்திருக்கலாம். இரவானாலும் வாலர் கிளம்பிப் போயாக வேண்டும்.

இனி வேர். ‘நீருக்குரியது’ என்று பொருள்படும் ‘அக்குவாலே’ என்ற லத்தீன் சொல்லே தேய்ந்து ‘வால்’ ஆனது என்பார்கள். லத்தீன் சொல் ஜெர்மன் பேசுவோர் வாய்க்கு வந்த வழி பள்ளத்தாக்கின் வரலாற்றிலேயே இருக்கிறது. ரோமானியர் ஆட்சிக்குப் பின் அங்கு லத்தீனில் பிறந்த ரோமான்ஷ் மொழி வழங்கியது. மேல் ஃபின்ஷ்காவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில்தான் அது மறைந்தது. மக்கள் மொழி மாறினார்கள், நீரின் சொல்லை மட்டும் கைவிடவில்லை. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

பலகையின் மறுபாதியில் உள்ள ‘ரொஜ்ஜா’வோ ‘அர்ரூகியா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயினின் தங்கச் சுரங்கங்களைப் பற்றி எழுதும்போது பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி கையாண்ட சொல் அது. ரோமானியருக்கும் முந்தைய மொழியிலிருந்து லத்தீனுக்குள் வந்ததாகக் கருதப்படுகிறது. ஆக, ஜெர்மன் பக்கத்தில் நிற்பது லத்தீன் வேர். இத்தாலியப் பக்கத்தில் நிற்பது அதனினும் பழைய வேர். 1919இல் செயின்ட் ஜெர்மேன் உடன்படிக்கையால் இந்நிலம் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போனது. பின்னர் பாசிச ஆட்சி ஜெர்மன் ஊர்ப்பெயர்களை அகற்ற முயன்றது. இன்று தன்னாட்சிச் சட்டத்தின்படி இரண்டு மொழிகளுக்கும் இடமுண்டு. மக்களில் பத்தில் ஏழு பேர் ஜெர்மன் பேசுகிறார்கள். சில பள்ளத்தாக்குகளில், லத்தீனில் பிறந்த ‘லதீன்’ (Ladin) என்ற மூன்றாவது மொழியும் வாழ்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘வாய்க்கால்’ என்பதே போதும். நீரோடும் வழிக்குக் ‘கால்’ என்பது நம் பழஞ்சொல். சரிவை ஒட்டிச் செல்லும் தன்மையையும் சொல்ல வேண்டுமானால் ‘சமமட்ட வாய்க்கால்’ எனலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் சர்க்கார்பதியிலிருந்து மலையோரமாகத் திருமூர்த்தி அணைக்கு வரும் காண்டூர் கால்வாயைச் சமமட்டக் கால்வாய் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். ‘கால்வாய்’ பெரியதற்கு இருக்கட்டும். ஓர் ஆள் தாண்டக்கூடிய வாலுக்கு ‘வாய்க்கால்’தான் பொருந்தும்.

வாலரைக் ‘காவலாளி’ என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. முறை வைத்து நீரைப் பிரித்து, மடை திறந்து, அடைப்பு நீக்குபவருக்கு நம் ஏரிப் பாசனத்தில் ‘நீர்க்கட்டி’ என்ற பெயர் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம். அந்த மணிக்கு ‘நீர்மணி’. வால்வேக், வாய்க்கால் கரைப்பாதை.