ரெட்டினாயிக் அமிலம்: பெயர் கண்ணுக்கு, வேலை கருவுக்கு

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைகளில் அடுக்கியிருக்கும் முகப்பூச்சுகளில் ‘ரெட்டினோல்’ என்ற பெயரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது வைட்டமின் ஏ. அதிலிருந்து உடல் தயாரித்துக்கொள்வது ரெட்டினாயிக் அமிலம். பாலூட்டிகளின் கரு உருவாகும்போது எந்த மரபணு எங்கே, எப்போது விழிக்கவேண்டும் என்று சொல்லும் பொருள்களில் இதுவும் ஒன்று.

லத்தீனில் ‘ரேட்டே’ என்றால் வலை. ‘ரெட்டினா’ அதிலிருந்து வந்தது, தமிழில் விழித்திரை. 1933இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் காட்டினார். வைட்டமின் ஏ சார்ந்த பொருள்களின் குடும்பத்துக்கே கண்ணின் பெயர் ஒட்டிக்கொண்டது. வேதியியலில் ‘ஓல்’ என்ற ஈறு ஆல்கஹாலையும் ‘அல்’ என்ற ஈறு ஆல்டிஹைடையும் குறிக்கும். ரெட்டினோல் ஆல்கஹால்; அதிலிருந்து உருவாகும் ரெட்டினல் ஆல்டிஹைடு. தமிழில் இரண்டையும் ‘ரெட்டினால்’ என்று எழுதிவிட்டால் எது எதுவென்று தெரியாது. ரெட்டினோல், ரெட்டினல் என்று பிரித்து எழுதுவதே சரி.

‘வைட்டமின்’ 1912இல் காசிமிர் ஃபங்க் ஆக்கிய சொல். ‘உயிருக்குத் தேவையான அமீன்’ என்பது பொருள்; அமீன் என்பது நைட்ரஜன் கொண்ட ஒருவகைச் சேர்மம். வைட்டமின் ஏ அமீனே அல்ல! நம் ‘உயிர்ச்சத்து’ அந்தப் பிழையைச் சுமக்கவில்லை. இலங்கைப் பாடநூல்களில் ‘விற்றமின்’.

இனி வேலைக்கு வருவோம். தாயின் இரத்தத்திலிருந்து வரும் ரெட்டினோலைக் கருவின் சில உயிரணுக்கள் முதலில் ரெட்டினலாகவும் பிறகு அமிலமாகவும் மாற்றுகின்றன. அமிலம் உட்கருவுக்குள் நுழைந்து அதற்கென்றே உள்ள ஏற்பிப் புரதத்தோடு சேர்கிறது. இந்த ஏற்பியை 1987இல் பிரான்சில் பியேர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. ஏற்பி தன் இணைப் புரதத்தோடு டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும். அமிலம் வராதவரை மரபணுவை அடக்கும் புரதங்கள் அதோடு ஒட்டியிருக்கும். அமிலம் சேர்ந்ததும் அவை விலகி, தூண்டும் புரதங்கள் வந்து சேரும். மரபணு படிக்கப்படுகிறது. இதைத்தான் ‘மரபணு வெளிப்பாடு’ என்கிறோம்.

எல்லா இடத்திலும் அமிலம் ஒரே அளவில் இருந்தால் பயனில்லை. கருவின் நடு உடற்பகுதி அதைத் தயாரிக்க, தலைப்பக்கத்திலும் வால்முனையிலும் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தே உடலின் எந்தப் பகுதி எதுவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் பல விழிக்கின்றன; பின்மூளையின் பகுதிகளும் முதுகெலும்பின் வரிசையும் அமைகின்றன. உரிய நேரத்தில் சுண்டெலிக் கருவுக்கு அமிலம் மிகுந்தால் ஒரு முள்ளெலும்பு தன் அண்டை எலும்பின் வடிவை எடுத்துக்கொள்ளும். குறைந்தாலும் கேடுதான்: 1933இல் டெக்சஸில் ஃபிரெட் ஹேல், வைட்டமின் ஏ கிடைக்காத பன்றி கண்விழிகளே இல்லாத குட்டிகளை ஈன்றதைப் பதிவுசெய்தார்.

சரியான தமிழ்ச்சொல் எது? ‘விழித்திரை அமிலம்’ என்று நேராக மொழிபெயர்த்தால் வாசகர் ஏமாந்துபோவார். பார்வைக்கு உதவுவது ரெட்டினல். அமிலத்தை உடலால் திரும்ப ரெட்டினலாக்க முடியாது. 1960இல் டௌலிங்கும் வால்டும் எலிகளுக்கு ரெட்டினோலுக்குப் பதில் இந்த அமிலத்தை மட்டும் கொடுத்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன, ஆனால் குருடாயின. அவர்கள் அதை ‘வைட்டமின் ஏ அமிலம்’ என்றே எழுதினார்கள். ஆகவே ‘உயிர்ச்சத்து ஏ அமிலம்’ என்பதே என் தேர்வு. அறிவியல் கட்டுரையென்றால் ‘ரெட்டினாயிக் அமிலம்’ இருக்கட்டும்.

சிங்கப்பூரில் கடும் பருவுக்கு மருத்துவர் சீட்டோடு மட்டும் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் இந்த அமிலத்தின் ஒரு வடிவம்தான். கர்ப்பிணிகளுக்கு அது அறவே கூடாது என்பதற்குக் காரணம் மேலே சொன்ன ஏற்பிகளே. வைட்டமின் ஏ மிகுந்த ஈரலையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். தேக்கா சந்தையின் முருங்கைக்கீரைக்கும் கேரட்டுக்கும் அந்தத் தடை கிடையாது: அவற்றில் இருப்பது கரோட்டின், அதை உடல் தன் தேவைக்கேற்பத்தான் வைட்டமின் ஏவாக மாற்றிக்கொள்கிறது.