பிறந்த குழந்தையின் வாயில் குறையா? சீட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்

உதடு பிளந்து பிறந்த பிள்ளையைத் துணியால் மூடி வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுகிறார்கள். கிரகணத்தன்று கத்தியைத் தொட்டாள் என்று தாய்க்குப் பழி வேறு. கடலூர் பக்கத்துக் கிராமங்களில் இதை இன்னமும் பார்க்கிறேன். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் சேர வேண்டிய உதடும், வாயின் மேற்கூரையான அண்ணமும் சேராமல் போவதுதான் பிளவு. ஃபோலிக் அமிலக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, வலிப்புக்கான சில மாத்திரைகள், புகை, மது, சொந்தத்தில் கல்யாணம், குடும்பத்தில் முன்பே யாருக்காவது இருந்தது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். இவை எதுவுமே இல்லாத தாய்க்கும் இப்படிப் பிள்ளை பிறக்கும். (வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.)

இதற்கான திட்டம் ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டம். 2013-இல் வந்தது. 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் பட்டியலிலேயே இருக்கின்றன. கூடவே, அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசமாகத் தரும் ஜே.எஸ்.எஸ்.கே. திட்டமும் உண்டு.

காகிதத்தில் இவ்வளவு. சிக்கல் டிஸ்சார்ஜ் அன்றே தொடங்கும். சீட்டில் "தாயும் சேயும் நலம்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். குழந்தையின் குறையை அதில் எழுதச் சொல்லுங்கள். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டும் கேளுங்கள். பல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் அந்த மையத்தில் இருக்க வேண்டியவர்கள். தனியாரில் பிறந்த குழந்தை என்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொல்லிப் பதியுங்கள்.

"மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார்கள். உதட்டு அறுவைச் சிகிச்சைக்கு மூன்று மாதம் ஆக வேண்டும், உண்மைதான். ஆனால் அண்ணம் பிளந்த குழந்தையால் சப்பிக் குடிக்க முடியாது, எடை ஏறாது, எடை ஏறாவிட்டால் அறுவைச் சிகிச்சையும் தள்ளிப்போகும். பாலைப் பீய்ச்சி, நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் ஊட்டக் கற்றுக்கொடுக்காமல் அனுப்பினால் வார்டை விட்டு நகராதீர்கள். சேனை வைப்பதும் (பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவுவது) வேண்டாம்.

அடுத்தது வருமானச் சான்று. ஆர்.பி.எஸ்.கே.வுக்கு அது தேவையில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்குத்தான் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வரம்பு. இரண்டையும் குழப்பி, தாலுகா ஆபீஸுக்கு விரட்டப்பட்ட குடும்பங்கள் நிறைய. "நான் கேட்பது ஆர்.பி.எஸ்.கே." என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எல்லை விவகாரம் இன்னும் மோசம். கடலூர்க்காரர்கள் பிரசவத்துக்குப் புதுச்சேரி போவது வழக்கம். புதுச்சேரியில் பிறந்தால் பிறப்புச் சான்று புதுச்சேரியில்தான். கடலூர் நகராட்சியாக இருந்த காலத்திலிருந்து எத்தனை பேர் இதற்காக வீணாக வரிசையில் நின்றிருப்பார்கள்! இப்போது மாநகராட்சி ஆனாலும் அந்த ஜன்னலில் அது கிடைக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் குடும்பத்தின் ரேஷன் கார்டுக்குத் தமிழ்நாட்டுக் காப்பீடு செல்லாது. தமிழ்நாட்டுக் கார்டு வைத்திருப்பவர்கள், போகப்போகும் மருத்துவமனை காப்பீட்டுப் பட்டியலில் உள்ளதா என்று 1800 425 3993-இல் கேட்ட பிறகே பஸ் ஏறுங்கள். புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசு நிறுவனம், இரு பக்கத்தாரும் போகலாம்.

பெயர் வைக்கும்வரை பிறப்பைப் பதியாமல் காத்திருக்காதீர்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். சான்று கைக்கு வந்ததும் ரேஷன் கார்டில் குழந்தையைச் சேர்க்க மனுப் போடுங்கள்.

சின்ன விஷயங்களுக்குப் பயந்து செலவழிப்பவர்களும் உண்டு. ஈறிலோ அண்ணத்திலோ அரிசி மணி போல வெள்ளைப் புள்ளி இருந்தால் தானே மறையும், கிள்ளக் கூடாது. நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவம் பூஞ்சைத் தொற்று. குறைமாதப் பிள்ளைக்கும், ஆன்டிபயாடிக் எடுத்த பிள்ளைக்கும் அதிகம் வரும். மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பல்லோடு பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று வீட்டில் பிடுங்காதீர்கள். பல் ஆடினால் மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து உண்டு, அன்றே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உதடு தைத்ததும் முகம் அழகாகிவிடும், பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள் மூட வேண்டும். இல்லையென்றால் பேச்சு மூக்கில் போகும், காதும் பாதிக்கும். உதட்டுத் தையல் முடிந்து கிளம்பும்போதே அண்ணத்துக்கான தேதியையும் காது பரிசோதனைத் தேதியையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.