கம்பனி மூடுகிறதா? இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வைக்க முன்

இலங்கையின் கட்டுநாயக்க, பியகம, பல்லேகல கைத்தொழில் வலயங்களில் இலத்திரனியல் பாகங்கள் பொருத்தும் வேலைக்கு நுவரெலியா, பதுளை தோட்டங்களிலிருந்து போன பிள்ளைகள் பலர். ஓடர் இல்லை, மூடுகிறோம் என்று நிர்வாகம் சொன்னதும் பலருக்கு முன்னால் வரும் தாள் இராஜினாமாக் கடிதம்தான். அதில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்களே விரும்பி விலகியதாக எழுதிக் கொடுத்தால் நட்டஈட்டுக் கோரிக்கை அங்கேயே பலவீனமாகிவிடும்.

ஊழியரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர, அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. மூடுவதற்கும் இது பொருந்தும்.

நட்டஈடு இப்படிக் கணக்கிடப்படும்: முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 2.5 மாதச் சம்பளம். 6ஆம் வருடம் முதல் 14ஆம் வருடம் வரை வருடத்துக்கு 2 மாதம். அதன் பின் வீதம் குறையும். 8 வருட சேவை, 45,000 ரூபா சம்பளம் என்றால் 12.5 + 6 = 18.5 மாதம், அதாவது 8,32,500 ரூபா.

பணிக்கொடை (சேவைக் காலத்துக்காகக் கிடைக்கும் ‘கிராஜுவிட்டி’) இதில் அடங்காது, அது தனி. 5 வருடம் முடிந்திருந்தால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்: மேலே சொன்னவருக்கு 1,80,000 ரூபா. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகக் கட்டணம் சேரும். ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) இந்தக் கணக்கில் வராது. நட்டஈட்டுக்குள் பணிக்கொடையும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஊழியர் நம்பிக்கை நிதியை (ஈ.டி.எஃப்., முதலாளி கட்டும் 3%) வேலை நின்றதும் எடுக்கலாம். ஆனால் கடைசியாக எடுத்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்., ஊழியர் 8% + முதலாளி 12%) அப்படியல்ல. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயது வரை பொதுவாக அது அங்கேயே இருக்கும்.

மலையகத்தாருக்கு இடறுவது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, கம்பனிப் பதிவில் மூன்றாவது. கேட் பூட்டிய பிறகு திருத்தக் கடிதம் தர ஆள் இருக்காது. ஆகவே இந்த நிதிகளின் உறுப்பினர் இலக்கம், நியமனக் கடிதம், சம்பளத் தாள்கள், சேவைச் சான்றிதழ் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதியில்லாமல் நிறுத்தியிருந்தால் முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்துக்கு 6 மாதத்துக்குள் கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ‘கணக்கு முடிந்ததும் தருவோம்’ என்ற வாய்ப்பேச்சை நம்பியே அந்தக் காலத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.